வலது பக்கத்து ஜன்னல்

செப்டம்பர் 28

டிக்கெட் வந்துவிட்டது. ஜனவரி 12, பிராகிலிருந்து சென்னை, அங்கிருந்து கோயம்புத்தூர். போவதற்கு மட்டும்.

மதியச் சாப்பாட்டின்போது ஒட்டகாரிடம் சொன்னேன். சூப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "ஜன்னல் ஓரமாக் கேட்டு வாங்கிக்கோ. உனக்கு மேகம் பிடிக்கும்" என்றார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனிடம், ஊரோடு போய்விடப் போகிறேன் என்று சொன்னால் கிடைக்கிற பதில் இது. எனக்கு மேகம் பிடிக்கும் என்று இவரிடம் யார் சொன்னார்களோ.

ஆகஸ்டிலேயே கேட்டுப் பார்த்தாயிற்று. அக்கா வீட்டில் கீழ்ப் பகுதி காலியாக இருக்கிறது, என் முழங்கால் இந்த லிபெரெட்ஸ் ஊரின் இன்னொரு குளிரைத் தாங்காது, குளிர்காலத்துக்காவது என்னோடு வா என்றேன். "அங்க வந்து நான் என்ன செய்ய? உங்க அக்கா சோபாவில கொலு பொம்மையா உக்காரவா? எனக்கு இங்க வேலை இருக்கு" என்றார். கொலு பார்த்திருக்கிறார், அதனால் உதாரணம் மட்டும் சரியாக வந்து விழுகிறது. வேலை என்ன தெரியுமா? ஒரு பல் மருத்துவர் தன் புத்தகங்களின் உள்ளட்டையில் ஒட்டிக்கொள்ளப் பெயர்ச்சீட்டு செதுக்கி அச்சிட்டுத் தரக் கேட்டிருக்கிறார். ஒரு கடைவாய்ப்பல், அதன் மேல் ஓர் ஆந்தை. அதற்காக ஒரு மனுஷன் கோயம்புத்தூர் வரமாட்டேன் என்கிறார்.

செக் மொழியில் நான் இவரை 'நீ' என்றுதான் கூப்பிடுகிறேன். தமிழில் எழுதும்போது மட்டும் மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இன்றைக்கு அது கூட அதிகம்.

அக்டோபர் 9

ஒட்டகார் மருத்துவமனையில். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. உளி கீழே விழுந்த சத்தம் கேட்டுத்தான் போனேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அக்டோபர் 13

இன்று பேசினார். தாதி ஸ்பூனில் கஞ்சி மாதிரி எதையோ ஊட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று ஒரு சத்தம் போட்டார். தாதி பயந்துபோய், "ஏதோ உளர்றார், டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்று என்னைக் கேட்டாள்.

உளறல் இல்லை. "போதும்" என்று சொன்னார். சுத்தமான தமிழ்.

எங்கள் அம்மா இருந்த காலத்தில், இட்லி இட்லியாக இவர் தட்டில் அடுக்குவாள். தற்காப்புக்காக இவர் கற்றுக்கொண்டவை இரண்டே சொற்கள், 'போதும்', 'வேண்டாம்'. செக் மொழி முழுவதும் எங்கோ போய் ஒளிந்துகொள்ள, அம்மாவின் இட்லிக்குச் சொன்ன பதில் மட்டும் தலைக்குள் தங்கியிருக்கிறது. நான் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன்.

அக்டோபர் 30

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். கால் கொஞ்சம் தேறியிருக்கிறது. மருத்துவமனையில் ஓர் ஊன்றுகோல் கொடுத்தார்கள், கீழே நான்கு சின்னக் கால்கள் உள்ளது. ஒட்டகார் அதை நாய்க்குட்டியைப் பார்ப்பது மாதிரி சந்தேகமாகப் பார்க்கிறார்.

எதிர் வீட்டு லிபுஷே உருளைக்கிழங்கு சூப் கொண்டுவந்தாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இடுப்பு அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவளிடமும் அதே மாதிரி ஊன்றுகோல். "இது பெரிய தொல்லை, கதவு நிலையில எல்லாம் மாட்டும்" என்று ஒட்டகாருக்கு அனுபவம் சொன்னாள்.

ராமாத்தாள் அக்கா போனில் கூப்பிட்டாள். "ஏங் கண்ணு, மாப்பிள்ளை எப்புடி இருக்காரு? நீ சாப்பிட்டியா? டிக்கெட்டு என்னாச்சு?" எல்லாம் ஒரே மூச்சில். பார்க்கலாம் என்றேன். "பாக்கலாம்னா என்னடி அர்த்தம்?" என்றாள். அர்த்தம் எனக்கே தெரியாது.

நவம்பர் 6

பேச்சுப் பயிற்சிக்கு பெத்ரா என்ற பெண் வருகிறாள். முப்பது வயதிருக்கும், நல்ல பெண். ஒரு பெட்டி நிறையப் பட அட்டைகள் கொண்டுவந்தாள். ஓர் அட்டையைக் காட்டுவாள், அதில் இருப்பது என்னவென்று இவர் சொல்ல வேண்டும்.

முதல் அட்டை முள்ளெலி. ஒட்டகார் பார்த்தார். முகம் சிவந்தது. வாய் திறந்து மூடியது. "அவசரமில்ல ஐயா. முள்ளு முள்ளா இருக்கும், தோட்டத்துல வரும், ஆப்பிள் திங்கும்..." என்று பெத்ரா எடுத்துக் கொடுத்தாள். இவர் இடது கையால் முள்ளெலியின் மூக்கைக் குத்திக் குத்திக் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மூக்கில் சிவப்பு மை கோட்டை விட்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்து விழுந்திருக்கிறது.

அந்த அட்டைகளை வரைந்ததே இவர்தான். எழுபதுகளில், குழந்தைகள் பதிப்பகம் ஒன்றுக்கு. அன்றைக்கு அந்தச் சிவப்புக்காக அச்சகத்துக்கே போய்ச் சண்டை போட்டார். அந்தச் சிவப்பைக் கலக்கிக் கொடுத்தது நான். நெசவாலையின் சாய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவளைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் வசதி.

சொன்னேன். பெத்ரா அட்டையைக் கீழே வைத்துவிட்டாள். "இந்த முள்ளெலியப் பாத்துத்தான் நான் எழுத்தே படிச்சேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. இந்த ஊரில் பலரும் இப்படித்தான். தீப்பெட்டி மேல் ஒட்டிய வண்டு, சர்க்கரைப் பொட்டலத்தின் மேல் தேனீ, சர்க்கஸ் சுவரொட்டி, தபால்தலை, பொம்மலாட்ட மேடையின் திரை என்று இவர் கையால் ஆனது எல்லார் வீட்டிலும் இருந்திருக்கிறது. பெயர்தான் யாருக்கும் தெரியாது. ஒட்டகார் பிராஸ்தா என்றால், அந்தக் குழாய் வேலை செய்பவரா என்பார்கள்.

பெத்ரா போன பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, தான் வரைந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றுக்கும் பெயர் வரவில்லை.

நவம்பர் 12

வீட்டில் போர்.

புத்தாண்டு வாழ்த்து அட்டைதான் காரணம். இங்கே அதற்குப் 'பி.எஃப்.' என்று பெயர். பிரெஞ்சு வாழ்த்தின் முதலெழுத்துகளாம். எந்தப் பிரெஞ்சுக்காரரும் அப்படி அனுப்பி நான் பார்த்ததில்லை. இங்கே ஓவியம் செதுக்குகிறவர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் தாங்களே செதுக்கி, அச்சிட்டு, ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள். வராவிட்டால் ஆள் போய்விட்டார் என்று முடிவு கட்டி, மனைவிக்குத் துக்கம் விசாரித்துக் கடிதம் போட்டுவிடுவார்கள். ஒட்டகார் ஒரு வருஷமும் விட்டதில்லை.

நோய்வாய்ப்பட்டது நண்பர்கள் யாருக்கும் தெரியக்கூடாது என்பது இவர் உத்தரவு. கையை வாயில் வைத்துக் காட்டிய உத்தரவு. சரி, அட்டைக்கு என்ன செய்வது? "பழைய படம் ஒண்ணை எடுத்து அச்சகத்தில போட்டுடலாம், யாருக்குத் தெரியும்?" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். மை டப்பா பறந்தது. இடது கையால் எறிந்தார், அதனால் குறி தவறி அலமாரியில் பட்டது.

துடைத்தேன். இரண்டு பேரும் மாலை வரை பேசவில்லை. அவரால் எப்படியும் பேச முடியாது என்பது வேறு விஷயம்.

நவம்பர் 15

காலையில் பட்டறை அறையில் மேசையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். லினோ தகடு எடுத்து வைத்திருந்தார். தரையில் ஒட்டுவார்களே, அந்த லினோலியம்தான். அதன் மேல் உளியை இடது கையில் பிடித்திருந்தார். தகட்டை அணைத்துப் பிடிக்க இன்னொரு கை இல்லை. மேசை விளிம்பில் இரண்டு கட்டைகளை அறைந்து, நடுவில் தகட்டைச் செருகிக் கொடுத்தேன். வெப்பக் குழாயின் மேல் சற்று வைத்து இளகவும் வைத்தேன். சூடு ஏறினால் லினோ பாலாடை மாதிரி வெட்டுப்படும்.

அப்படியும் தட்டல் நிற்கவில்லை. தண்ணீரா? இல்லை. கண்ணாடியா? இல்லை. தலையில் அடித்துக்கொண்டார். நானும் அடித்துக்கொண்டேன். பிறகுதான் பார்த்தேன், அவர் உளியின் நிழல் வெட்ட வேண்டிய இடத்திலேயே விழுகிறது. அந்த மேசையில் எத்தனையோ காலமாக ஜன்னல் இவருக்கு இடது பக்கம். வலது கைக்காரர்களுக்கு அதுதான் சரி. இப்போது கை மாறிவிட்டது, வெளிச்சம் மாறவில்லை.

லிபுஷேயைக் கூப்பிட்டு மேசையைத் திருப்பிப் போட்டோம். ஜன்னல் வலது பக்கம் வந்தது. உட்கார்ந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். கதவைச் சாத்தச் சொல்லிக் கை காட்டினார். என்ன செதுக்குகிறார் என்று பார்க்க எனக்கும் அனுமதி இல்லை.

நவம்பர் 18

கீரைக்குப் பதில் இங்கே கிடைக்கிற எதையோ கடைந்தேன். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முதல் பனி விழுந்தது. முழங்கால் வலி.

நவம்பர் 24

லிபுஷே சுவரில் மாட்டியிருக்கும் படங்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "உன் படம் எங்க, வசந்தா?" என்றாள். சிரித்து மழுப்பினேன்.

என் படம் இல்லை. மளிகைக்கடைக்காரர் மனைவி இருக்கிறாள், டிராம் ஓட்டுகிறவர் இருக்கிறார், லிபுஷேயின் செத்துப்போன பூனை கூட ஒரு தபால்தலையில் இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டேன், வெட்கத்தை விட்டு. செதுக்குகிறவன் எல்லாவற்றையும் தகட்டில் இடம் வலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும், அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும் என்றார். "ஊரில உள்ள எல்லாரையும் நான் திருப்பிப் போட்டுத்தான் பாக்கறேன். உன்னையும் அப்படிப் பாக்கணுமா?" என்றார். வாய்ச்சாலாக்கு. வரைய மனமில்லாதவனுக்கு ஒரு காரணம் வேண்டும். அதன் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. மனம் வலித்தது, இப்போதும் வலிக்கிறது, எழுதிவிட்டேன்.

டிசம்பர் 3

விமானக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். இருக்கையைத் தேர்ந்தெடுங்கள் என்று. சும்மா திறந்து பார்த்தேன். சும்மா ஒன்றைத் தொட்டேன், ஜன்னல் ஓரம்.

திரும்பினால் பின்னால் ஒட்டகார், ஊன்றுகோலோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ. திரையில் ஜனவரி 12 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டுப் பட்டறைக்குத் திரும்பிப் போனார். ஊன்றுகோல் கதவு நிலையில் மாட்டிக்கொண்டது.

ரத்து செய்யலாம் என்றுதான் தினமும் நினைக்கிறேன். தினமும் சமைக்கிற வேலை வந்துவிடுகிறது.

டிசம்பர் 4

முடிந்தது என்று நேற்று உளிகளைத் துடைத்து வைத்தவர், இன்று மறுபடி தகட்டைச் சூடாக்கித் தரச் சொன்னார், செதுக்கிய பக்கத்தை நான் பார்க்காதபடி துணியில் சுற்றி. வேகமாகச் செதுக்குகிற சத்தம் கேட்டது.

டிசம்பர் 10

அச்சிட்டேன். அச்சு எந்திரத்தின் சக்கரத்தை எப்போதும் நான்தான் சுற்றுவேன், தோள் வலு எனக்குத்தான். மை தடவியதும் தகடு முழுக்கக் கறுப்பு, அதில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தை உரித்தேன்.

நான்.

சேலை கட்டிக்கொண்டு, குளிர்க் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் பெட்டியோடு நேராகப் பார்த்து நிற்கிறேன். கோடுகள் கோணல்மாணலாக இருக்கின்றன, சின்னப் பிள்ளை செதுக்கிய மாதிரி. ஆனால் நான்தான். தாடைக்குக் கீழே தொங்கும் சதை கூட இருக்கிறது. மேலே பி.எஃப்., கீழே வருஷம், சுத்தமாக.

எவ்வளவோ காலம் காத்திருந்த படம். வந்த சந்தோஷம் ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லை. பெட்டியைப் பார்த்ததும் எனக்குப் புகைந்தது. "ஊருக்கெல்லாம் அறிவிப்பா? வசந்தாமணி கிளம்பிட்டா, எல்லாருக்கும் வணக்கம்னு? நான் போறேன்னு உன்கிட்ட சொன்னேனா?" என்று கத்தினேன். டிக்கெட் கையில் இருக்கிறவள் கேட்கிற கேள்வியா இது என்று இப்போது தோன்றுகிறது.

கத்தி முடித்த பிறகுதான் மூக்குத்தியைக் கவனித்தேன். எனக்கு வலது மூக்கில் குத்தியிருக்கிறது, பதினான்கு வயதிலிருந்து. படத்தில் இடது மூக்கில் இருக்கிறது. மாற்றிச் செதுக்க மறந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒரு தபால்தலையில், ஒரு தீப்பெட்டியில் கூட வராத தப்பு. இவரைப் போன்றவர்களுக்கு அது மானக்கேடு. "மூக்குத்தி தப்பு. பார்த்தா தெரிஞ்சிடுமே, உனக்கு உடம்பு சரியில்லைன்னு" என்றேன். என் கோபம் அதற்குள் போய்விட்டிருந்தது, அவருக்காகத்தான் கவலைப்பட்டேன்.

தலையைப் பலமாக ஆட்டினார், இல்லை இல்லை என்று. பிறகு சிரித்தார். நோய் வந்த பிறகு இப்போதுதான் சிரிக்கிறார், பாதி வாயால். இருக்கட்டும், அனுப்பு என்று கை காட்டினார்.

டிசம்பர் 13

உலர்ந்த அட்டைகளை உறையில் போட லிபுஷே வந்தாள். தபால்காரி கை, நான் ஒன்றை மடிப்பதற்குள் அவள் நாலைந்து மடிக்கிறாள். ஓர் அட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு பேருமா எப்பக் கிளம்பறீங்க?"

"யார் ரெண்டு பேர்?"

"பின்ன அவரோட ஊன்றுகோல் உன் பெட்டியில என்ன பண்ணுது?"

வாங்கிப் பார்த்தேன். பெட்டியின் மேல் வார் என்று நான் நினைத்திருந்த கோடுகள் வார் இல்லை. பெட்டியோடு சேர்த்துக் கட்டிய ஊன்றுகோல், அடியில் நான்கு சின்னக் கால்கள். டிக்கெட்டைப் பார்த்த மறுநாள் அவசரமாகச் செதுக்கியது இதைத்தான். மூன்று நாளாக நான் என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பட்டறைக்குப் போனேன். அட்டையில் அந்த இடத்தில் விரலை வைத்து, "வர்றியா?" என்று கேட்டேன். ஆமாம் என்பதற்கு செக்கில் இரண்டு எழுத்துச் சொல். அதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. காத்திருந்தேன். சொன்னார்.

லிபுஷே உறைகளை எல்லாம் தனியாகவே ஒட்டி முடித்திருந்தாள்.

டிசம்பர் 19

மருத்துவர் மார்ச்சுக்கு முன் விமானம் கூடாது என்றார். டிக்கெட்டை மார்ச்சுக்கு மாற்றி, இன்னொன்றும் எடுத்தேன். ஜன்னல் ஓரம் ஒன்றுதான் கிடைத்தது. யாருக்கு என்று இப்போதே சண்டை.

டிசம்பர் 27

போன் ஓயவில்லை. இவரோடு படித்த போஹுமில், அவரும் செதுக்குகிறவர், முதலில் கூப்பிட்டார். "வசந்தா, மூக்குத்தி இடம் மாறியிருக்கே. ஒட்டகார் திருப்ப மறந்தானா? அவனுக்கு என்ன ஆச்சு, மறைக்காமச் சொல்லு" என்றார். சொன்னேன். பிறகு, "கோடு நல்லா இருக்குன்னு சொல்லு. எங்க யாருக்கும் அப்படி வராது. முகஸ்துதி இல்லன்னும் சொல்லு" என்றார். சொன்னேன். ஒட்டகார் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

டிசம்பர் 31

வருஷக் கடைசியில் இந்த வீட்டில் ஒரு சடங்கு. அட்டை அச்சிட்ட தகட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு கிழித்துவிடுவார் ஒட்டகார். பிறகு யாரும் அதிலிருந்து இன்னொரு பிரதி எடுக்க முடியாது. செதுக்குகிறவர்களின் நாணயம் அது. கிழித்துவிட்டுத்தான் உருளைக்கிழங்குப் பொரியலில் கை வைப்பார்.

தகட்டை மண்ணெண்ணெய் போட்டு நான் துடைத்தேன். கறுப்பு போய் லினோவின் பழுப்பு வந்ததும், என் முகம் தெரிந்தது. தகட்டில் மூக்குத்தி வலது மூக்கில், சரியாக, என் மூக்கில் இருக்கிற இடத்திலேயே. முந்தானையும் சரியான தோளில். எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்தால் நான் எப்படி இருப்பேனோ, அப்படி.

அப்போதுதான் மேலே இருந்த எழுத்துகளைப் பார்த்தேன். பி.எஃப்., கீழே வருஷம் எல்லாம் தகட்டில் இடம் வலம் மாறி, ஒரு பிசகில்லாமல். எழுத்தைத் திருப்ப மறக்கவில்லை. பெட்டியின் பூட்டைக் கூடத் திருப்பியிருக்கிறார். என்னை மட்டும் திருப்பவில்லை. வாய்ச்சாலாக்கு என்று இத்தனை காலம் மனதில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தேனே, 'உன்னையும் அப்படிப் பாக்கணுமா?' என்ற அந்த வார்த்தையை இவர் மெய்யாகவே சொல்லியிருக்கிறார். அதற்காக ஊரெல்லாம் தன்னை மறதிக்காரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்.

வழக்கப்படி தகட்டை அவர் முன் வைத்து, உளியைக் கொடுத்தேன். வாங்கினார். என்னைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். உளியை மேசையில் வைத்துவிட்டு, "வேண்டாம்" என்றார்.

பொரியலை எடுத்து வைத்தேன்.

ஜனவரி 2

அக்காவைக் கூப்பிட்டேன்.

"மார்ச்சுல ரெண்டு பேரும் வர்றோம். கீழ் வீட்டை ஒட்டடை அடிச்சு வை."

"மாப்பிள்ளையுமா! அதான பாத்தேன். நம்ம பிடிவாதக்கார ஆளு எங்கூட்டு சோபாவுல உக்காருவாரா?"

"சோபா எதுக்கு? ஜன்னல்கிட்ட ஒரு மேசை போடு, கெட்டியானதா. ஆடக்கூடாது."

"எந்த ஜன்னல், ரோட்டுப் பக்கமா, கிணத்துப் பக்கமா?"

"எதுவா இருந்தாலும் சரி. உக்காந்தா வலது கைப் பக்கம் ஜன்னல் வரணும். அது மட்டும் பாத்துப் போடு அக்கா."